தோளில் போட்ட துண்டு

கார்த்திகாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். போலீஸ் வேலைக்குத் தேர்வான பெண் என்பது ஒரு பேச்சு. பெரியவர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொந்தச் சித்தப்பாவை அவமானப்படுத்திய பெண் என்பது இன்னொரு பேச்சு. இரண்டாவதைச் சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸாவித்ரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். என் மகன் ப்ரஹலாத் கல்லூரியில் படிக்கிறான். நாலைந்து பந்துகளை ஒரே நேரத்தில் மேலே எறிந்து கீழே விழாமல் பிடிப்பான். வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்த இந்தக் கிறுக்கு அவனை ராஜபாளையத்து இளைஞர் சர்க்கஸில் கொண்டுபோய் விட்டது. என்னதான் நடக்கிறது அங்கே என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்கூடப் போனேன். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

அது ஒரு பழைய பஞ்சு குடோன். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அந்தப் பள்ளித் தாளாளருக்குச் சொந்தமான இடம். சும்மா கிடந்ததை ஜாஸ்மின் கேட்டு வாங்கியிருந்தாள். ஜாஸ்மின் ராஜபாளையத்துப் பெண்தான். பாண்டிச்சேரியில் ஒரு சர்க்கஸ் குழுவோடு சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். வயது முப்பதுக்குள் இருக்கும். கூரையில் கயிறு கட்டி, தரையில் மெத்தை போட்டு, வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டாள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் வந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவரின் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற சிவரஞ்சனி வந்தாள். உயரத்திலிருந்து யார் இறங்கினாலும் அவள் "மெல்லகா, மெல்லகா" என்று கத்துவாள். கொஞ்ச நாளில் என் மகன் உட்பட எல்லாருக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

என் கணவர் சடகோபன் ப்ரஹலாத் போவதைத் தடுக்கவில்லை. "பந்துதானே போடறான், யாரையும் தொடாம பண்றதுன்னா பண்ணட்டுமே" என்றார். எத்தனை பெருந்தன்மை என்று அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகாவுக்கு ஊர் வ. புதுப்பட்டி. அப்பா விஜயபாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும் நெல் வயலும் இருக்கின்றன. அண்ணனும் பட்டாளத்தில்தான். சித்தப்பா வேல்சாமி ஊரில் நாலு பேர் தேடி வருகிற ஆள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. அவள் உருவம்.

சின்ன வயதிலிருந்தே கார்த்திகா ஓங்குதாங்காக இருந்தாள். வகுப்புப் போட்டோவில் அவளைப் பையன்களோடு பின்வரிசையில் நிறுத்தினார்கள். பள்ளி நாடகத்தில் எப்போதும் அவளுக்கு அரக்கி வேஷம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் அம்மா ஆனந்தவல்லி, "ஏட்டி, தோளை விரிச்சிக்கிட்டு நடக்காத" என்று சொல்வாராம். அதனாலேயே கொஞ்சம் கூன் போட்டு நடக்கப் பழகியிருந்தாள். கல்லூரி முடித்ததும் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளையைவிடப் பெண் பெரிதாகத் தெரிகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலகாரமெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்கள் என்று கார்த்திகா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் போலீஸ் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் தேறினாள், நீளம் தாண்டுவதில் தோற்றாள். அடுத்த தேர்வுக்கு ராஜபாளையத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அந்த வகுப்புக்குப் போகிற வழியில்தான் குடோன். திறந்திருந்த கதவு வழியாக மெத்தைகளைப் பார்த்து, இதில் தாண்டிப் பழகலாமா என்று ஜாஸ்மினிடம் கேட்டாள்.

ஜாஸ்மின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த பார்வை இல்லை அது. "இந்தத் தோளை வச்சிக்கிட்டு இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றாள்.

மனிதர்மேல் மனிதர் நிற்கிற வித்தையில் கீழே நிற்பவர் ஒருவர், மேலே நிற்பவர் ஒருவர். பார்க்கிற கூட்டம் மேலே இருப்பவரைப் பார்த்துக் கைதட்டும். ஆனால் எல்லாம் கீழே நிற்பவர் கையில் இருக்கிறது. முதுகு நிமிர்ந்து, தோள் விரிந்து, கால் பூமியில் ஊன்றி நிற்க வேண்டும். மேலே இருப்பவர் ஆடினால் அந்த ஆட்டத்தைத் தன் உடம்பில் வாங்கி அடக்க வேண்டும். கூன் போட்டால் இருவரும் விழுவார்கள். இருபத்திரண்டு வயதுவரை கூன் போடச் சொல்லப்பட்ட பெண்ணிடம் முதல் முறையாக ஒருத்தி நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். பிள்ளைகள் அவளுக்கு 'அடியாள்' என்று பெயர் வைத்தார்கள். ரவுடிக்குச் சொல்கிற அர்த்தத்தில்தான் அவர்கள் வைத்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பெருமாள் முன்னால் தங்களை அடியாள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள் என்று நான் சொன்னபோது, "அப்ப நான் சாமிக்கும் ரவுடிக்கும் பொதுவா, டீச்சர்?" என்று கேட்டாள்.

எடையும் உயரமும் பார்த்து ஜாஸ்மின் அவளுக்குச் சேர்த்துவிட்ட ஜோடி ஜெயசித்ரா. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறியில் நிற்கிறவள். குள்ளம், ஒல்லி, உடம்பில் எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி வளைவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜாஸ்மினுக்குப் புரியவில்லை. இருவரும் ஒரே ஊர். கார்த்திகா ஊருக்குள் இருக்கிற வீடு. ஜெயசித்ரா காலனி. ஜெயசித்ராவின் அப்பா தவசிமுத்து, விஜயபாண்டியின் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். சாதிப் பெயர்களை நான் எழுதவில்லை; எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்கும் இது போதும். ஒரே பஸ்ஸில் வருஷக்கணக்காகப் போய்வந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜெயசித்ரா ஏற மாட்டேன் என்றாள். நான் கீழே நிற்கிறேன், அவங்க மேலே நிற்கட்டும் என்றாள். உன் கழுத்து தாங்காது என்று ஜாஸ்மின் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் கார்த்திகா முழங்காலை மடக்கிக் கைகளை மேலே நீட்டினாள். ஜெயசித்ரா அவள் தொடையில் ஒரு கால் வைத்து, தோளில் மறுகால் வைத்து ஏறினாள். நிமிரவில்லை, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குந்தினமாதிரியே இருந்துவிட்டு இறங்கிவிட்டாள்.

கார்த்திகா பெரிய வீராங்கனை என்று நான் சொல்ல வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையுமுன் கொல்லைப்புறத்தில், ஜெயசித்ராவின் கால் பட்ட சுடிதாரை மாற்றிக்கொண்டாளாம். "யாரும் மாத்தச் சொல்லல, டீச்சர். நானாத்தான் மாத்துனேன். ஏன் மாத்துனேன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்று பிறகொரு நாள் சொன்னாள். அடுத்த வாரம் மாற்றவில்லை. அவ்வளவுதான். மனசு மாறுவது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இப்படித்தான் நடந்தது, ஒரு சுடிதார் விஷயத்தில்.

மாதங்கள் போகப் போக ஜெயசித்ரா அவள் தோளில் நின்று கைகளை விரித்தாள். பிறகு அங்கேயே ஒற்றைக் காலில் நின்றாள். குடோனுக்குள் இருவரும் நீ, வா, போ. மத்தியானம் ஒரே பொட்டலத்தில் பரோட்டா. ப்ரஹலாத்தின் தயிர்சாதத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஊர் நெருங்க நெருங்க ஜெயசித்ராவின் பேச்சு மாறிவிடும். நிறுத்தத்தில் இறங்கியதும் பின்னால் தங்கிவிடுவாள். ஒருநாள் கார்த்திகா அவளுக்காக நின்றாள். "நீங்க முன்னால போங்க. நீங்க நிக்கிறது உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இந்த ஊர்ல குடியிருக்கணும்" என்றாளாம் ஜெயசித்ரா.

சுதந்திர தினத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் அவர்கள் நிகழ்ச்சி நடந்தது. நல்ல கூட்டம். கடைசியில் கீழே வரிசையாக நின்று தாங்குகிற மூவரில் நடுவில் கார்த்திகா, அவள் தோளில் ஜெயசித்ரா, கையில் கொடி. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. யாரோ செல்போனில் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது புதுப்பட்டி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கொடி யார் கண்ணிலும் படவில்லை. கால் பட்டது. யார் தோளில் யார் கால்.

அன்று வீட்டில் நடந்ததைக் கார்த்திகா வாயாலேயே கேட்டேன். சித்தப்பா வேல்சாமி வந்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் கத்தினார். அப்பா கத்தவில்லை. ஆட்டத்தை விடச் சொல்லவும் இல்லை. மேலே நீ நில், கீழே அந்தப் பிள்ளை நிற்கட்டும் என்றார், ரொம்ப நியாயமாகப் பேசுகிற தோரணையில். என் எடைக்கு அவள் கழுத்து ஒடிந்துவிடும் என்றாள் கார்த்திகா. "ஒடியாமப் பாத்து நில்லு" என்றார் சித்தப்பா.

அந்த வீட்டு முன்னறையில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. ஓடுகிற மோட்டார் சைக்கிள்மேல் பட்டாளத்துக்காரர்கள் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக நிற்கிற படம். அடிவரிசையில் இளவயது விஜயபாண்டி. அவர் தோளில் பூட்ஸ் காலோடு ஒருத்தர். கார்த்திகா அதைக் காட்டி, "இவுக என்ன ஆளுன்னு கேட்டுட்டா தோளைக் குடுத்தீங்க?" என்றாள்.

விஜயபாண்டி அந்தப் படத்தைச் செத்த நேரம் பார்த்தாராம். "அது பட்டாளம். இது ஊரு" என்றார்.

அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனிதன் பனியிலும் வெயிலிலும் இருபது வருஷம், யார் யாரோடோ ஒரே தட்டில் தின்று, ஒரே கூடாரத்தில் படுத்து, தோளில் ஆள் சுமந்து நிற்கிறான். அதற்காகப் பதக்கம் வாங்குகிறான். ஊர் எல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு வருகிறான் என்றால் இந்த ஊருக்கு என்ன பெயர் வைப்பது?

வேல்சாமி அத்தோடு விடவில்லை. ஊரில் சிலரைக் கூட்டிக்கொண்டு தாளாளரிடம் போனார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். தாளாளர் எங்களில் சிலரை அழைத்தார். ஜாஸ்மின், நான், இன்னும் இரண்டு பெற்றோர். வேல்சாமியும் இருந்தார். ஏ.சி. அறை, காபி, பிஸ்கட். தாளாளர் நயமாகப் பேசுகிறவர். தனக்குச் சாதி கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் ஒன்று என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் ஊரையும் அனுசரிக்க வேண்டும் என்றார். பிறகு தன் யோசனையைச் சொன்னார்.

"கால் நேரா தோள்ல படுறதுதானே அவங்களுக்குச் சங்கடம்? நடுவுல ஒரு துண்டு இருந்தாப் போச்சு."

சொல்லிவிட்டு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட திருப்தி முகத்தில். வேல்சாமிகூட யோசித்துவிட்டு, அது ஆகலாம் என்று தலையாட்டினார். உடம்போடு ஒட்டிய சட்டையில்தான் வெறுங்கால் பிடித்து நிற்கும், நடுவில் தனித் துணி வந்தால் நழுவும் என்று ஜாஸ்மின் சொன்னாள். ஒரு துண்டுதானேம்மா என்றார் தாளாளர். நானும் சொன்னேன், ஆபத்து என்று. அவர் என் பக்கம் திரும்பி மரியாதையாகச் சிரித்தார். "உங்க பையனுக்கு இதுல சம்பந்தமே இல்லையே, டீச்சர். அவன்தான் யாரையும் தொடுறதில்லையே."

என் வீட்டில் என் கணவர் சொன்ன அதே வார்த்தை. எங்களை உயர்த்திச் சொல்கிறாராம். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பள்ளியில் பெரிய விழா. அதில் குழு ஆட வேண்டும் என்று தாளாளருக்கு ஆசை. ஆடாவிட்டால், அல்லது துண்டு இல்லாமல் ஆடினால், குடோன் கதவு மூடும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. கார்த்திகா முடியாது என்றாள். ஜாஸ்மின் அழுதாள். மற்ற பிள்ளைகளெல்லாம் தெருவில் நிற்பார்களே என்றாள். கடைசியில் ஜெயசித்ராதான் முடித்துவைத்தாள்.

"நீ போட்டுக்கிடு. எனக்கு ஏறணும், அம்புட்டுதான்."

துண்டு என்று நான் சொல்வது தேங்காய்ப்பூத் துண்டு இல்லை. உடைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தாளாளரே ஆள் அனுப்பி வாங்கிய நீலத் துணி. பட்டு மாதிரி பளபளப்பு, ஓரத்தில் ஜரிகை. பார்க்கிறவர்களுக்கு அலங்காரம் மாதிரி தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு என்னவென்று தெரியும். அதை மடித்துக் கார்த்திகாவின் தோளில் ஊக்குக் குத்தி வைத்தார்கள். அவள் அதைக் குனிந்து பார்த்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். பழைய கூன் திரும்ப வந்துவிட்டது போல இருந்தது.

ஒத்திகையில் முதல் தரம் ஜெயசித்ரா ஏறி நின்றாள். கால்விரல்கள் பிடிப்புத் தேடி நெளிவது கீழே இருந்த எனக்கே தெரிந்தது. இரண்டாவது தரம் கைகளை விரித்தாள். ஊக்கு தெறித்தது. துணி காலோடு வழுக்கி முன்னால் வந்தது. சிவரஞ்சனி "மெல்லகா" என்று கத்தினாள். கார்த்திகா ஜெயசித்ராவின் கெண்டைக்காலை விடாமல் பிடித்ததால் தலை தரையில் மோதவில்லை. ஆனால் மெத்தைக்கு வெளியே கை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இருந்த கோலத்தைப் பார்த்ததும் ஒடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ப்ரஹலாத் பந்துகளைப் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறபோது ஜெயசித்ரா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கட்டுத்துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது எங்க கம்பெனி துணி இல்ல. நாங்க இம்புட்டு நெருக்கமா நெய்ய மாட்டோம்" என்றாள். கார்த்திகா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் குடோன் கதவில் பெரிய பூட்டு. பக்கத்தில் அச்சடித்த அறிவிப்பு. பயிற்சியாளரின் கவனக்குறைவாலும் மாணவியின் அவசரத்தாலும் ஏற்பட்ட விபத்தை முன்னிட்டுப் பயிற்சி நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. துண்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவசரமாம். அந்தப் பிள்ளை அவசரப்பட்டாளாம். அதைப் படித்துவிட்டு நான் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

விஷயத்தைப் பெற்றோரிடம் முறைப்படி அறிவிக்கப் பள்ளியின் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார் தாளாளர். விஜயபாண்டியும் வேல்சாமியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தவசிமுத்து கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலிகள் எத்தனையோ கிடந்தன. நான் ஒன்றை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். தாளாளர் பாதுகாப்பைப் பற்றியும் பொறுப்பைப் பற்றியும் நீளமாகப் பேசினார். இப்படி விழக்கூடும் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

அப்போதுதான் கார்த்திகா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"துண்டு வழுக்குச்சு. அதைப் போடச் சொன்னது நீங்க. போடணும்னு உங்ககிட்ட வந்து நின்னது எங்க சித்தப்பா. தோளைக் காட்டிப் போட்டுக்கிட்டது நான். இதுல ஜெயசித்ரா பண்ண தப்பு என்னன்னு யாராவது சொல்லுங்க."

உணர்ச்சிவசப்படாதேம்மா என்றார் தாளாளர். அவள் எங்கே உணர்ச்சிவசப்பட்டாள்? என் வகுப்பில் பிள்ளைகள் விடையைப் படிப்படியாக எழுதிக் காட்டுகிற மாதிரி அல்லவா சொன்னாள். வேல்சாமி எழுந்து ஏதோ கத்தினார். விஜயபாண்டி எழுந்து, மகளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

தவசிமுத்து பேசியது ஒன்றே ஒன்றுதான். "எம்பிள்ளை அவசரப்படல, ஐயா. அந்த எழுத்தை மட்டும் எடுத்துருங்க." எடுக்கிறோம் என்றார் தாளாளர். எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே போய்க் கிழித்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். டீச்சரம்மா என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயசித்ரா கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குக் கூசியது.

பிறகு நடந்ததில் நியாயம் கொஞ்சம்தான். புதுப்பட்டித் தோப்புகளில் தவசிமுத்துவை யாரும் தேங்காய் வெட்டக் கூப்பிடவில்லை. கூப்பிடாதே என்று யாரும் சொல்லவில்லையாம். எல்லாருக்கும் தானாகவே தோன்றிவிட்டதாம். அவர் இப்போது சேத்தூர்ப் பக்கம் போய் மரம் ஏறுகிறார். ஜெயசித்ராவின் கை கூடியது. ஆனால் முழுதாகத் திரும்பாது. தறியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வேறொரு கம்பெனியில் துணி சுற்றுகிற பிரிவில் சேர்ந்து, ராஜபாளையத்திலேயே கூட வேலை பார்க்கிற பெண்ணோடு அறை எடுத்துத் தங்கினாள். ஊருக்குப் போவதில்லை.

கார்த்திகாவுக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். தேர்வு முடியட்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அப்பா பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை.

சர்க்கஸ் நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் சாப்பாட்டுக் கூடம் காலியாகக் கிடக்கும். கேட்டேன், கொடுத்தார். ஜாஸ்மின் மெத்தைகளை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். முதல் நாள் ப்ரஹலாத் பந்துப் பையை மூலையில் வைத்துவிட்டு, அடிவரிசையில் ஒரு தோள் குறைகிறது என்று போய் நின்றான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், குளித்துவிட்டு உள்ளே வரச் சொல் என்றார் என் கணவர். வேர்த்திருந்தால் குளிப்பான், இல்லாவிட்டால் சாப்பிட உட்காருவான் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஜெயசித்ரா வந்தாள். வெகுநேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. வெளியே கோயிலுக்குப் போகிற கூட்டத்தின் சத்தம். திடீரென்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கார்த்திகா முன்னால் போய் நின்றாள். "மணிக்கட்டு பாதிதான் திரும்பும். இடது கையைப் பிடிச்சு ஏத்து" என்றாள். கார்த்திகா முழங்காலை மடக்கினாள். ஜெயசித்ரா ஏறி நின்றபோது அவள் கால்கள் நடுங்கின. கார்த்திகா நடுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், வெகுநேரம். அன்று யாரும் கைதட்டவில்லை. ஜாஸ்மின் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கார்த்திகா அடுத்த தேர்வில் தாண்டினாள். நல்ல தூரம். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். அவள் பெயர் பட்டியலில் வந்த மறுநாள் புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. காக்கிச் சட்டை போட்டமாதிரி ஒட்டவைத்த அவள் படம், மேலே புலி, கீழே வாழ்த்துவோர் வரிசை. வரிசையில் முதல் தலை வேல்சாமியுடையது. எங்கள் குலத்தின் வீரமங்கையாம். இந்தப் பெண்ணைத்தான் அவர் ஒரு வருஷமாக ஓடுகாலி என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகா பஸ்ஸைவிட்டு இறங்கி, பேனரை முழுக்கப் படித்துவிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போய்க் கழற்றச் சொன்னாள். மறுத்தார். அவளே ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். இறக்கிய பேனரைச் சுருட்டி அப்பா முன்னால் வைத்தபோது, விஜயபாண்டி, "அம்மா சோறு வச்சிருக்கா, போய்ச் சாப்பிடு" என்றாராம். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. கார்த்திகா எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்ததும் மண்டபத்தில் கல்யாணங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன. மெத்தைகள் இப்போது எங்கள் வீட்டு மாடியில் கிடக்கின்றன. நானும் ஜாஸ்மினும் இரண்டு ஊரிலும் இடம் தேடி அலைகிறோம். யோகா வகுப்பென்றால் தருகிறோம் என்கிறார்கள். பரதநாட்டியம் என்றால் தருகிறோம் என்கிறார்கள். சர்க்கஸ் என்றதும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வருகிற பிள்ளைகள் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்கிறார்கள். நான் பெயர்களைச் சொல்கிறேன். வீடுகளைச் சொல்வதில்லை. இன்னும் இடம் கிடைக்கவில்லை.